பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு எந்த ஏ.டி.எஃப்.? ரங்கூனில் மூன்று வண்டிகள் சொல்லிக்கொடுத்தவை

ரங்கூனில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் பல வருஷம் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்தவை. 1970-லேயே இந்த நாட்டில் போக்குவரத்து சாலையின் வலப்பக்கத்துக்கு மாறிவிட்டது. ஆனால் இந்தப் பழைய ஜப்பான் வண்டிகளில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். 2011 கடைசியில், பழைய வண்டியை ஒப்படைத்தவர்களுக்கு அரசாங்கம் இறக்குமதி அனுமதி கொடுக்க ஆரம்பித்த பிறகு ப்ரோபாக்ஸ், ஃபிட், ஏ.டி. வேன், விஷ், பெல்டா என்று வந்து குவிந்தன. அதற்கு முன்பிருந்தே கொரோலாவும் மார்க் டூவும் இங்கே ஓடிக்கொண்டிருந்தன. இவற்றில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் ஏராளம். கையேடு கூடவே வந்திருந்தால் அது ஜப்பானிய மொழியில் இருக்கும். முந்தைய சொந்தக்காரர் எப்போது, எந்த ஆயிலை மாற்றினார் என்று சொல்ல ஆள் கிடையாது. மீட்டரில் தெரிகிற கிலோமீட்டரையும் அப்படியே நம்பிவிட முடியாது.

இப்படி வரலாறு தெரியாத வண்டிக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குள் ஊற்றும் ஆயில்) எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் மூன்று ஆட்டோமேட்டிக் வண்டிகள் இருக்கின்றன. என்னுடையது 1990களில் வந்த கொரோலா. சித்தப்பா மகன், என் தம்பி, டாக்சியாக ஓட்டுவது டொயோட்டா ப்ரோபாக்ஸ். மச்சானுடையது முதல் தலைமுறை ஹோண்டா ஃபிட். மூன்றுக்கும் மூன்று வேறு ஆயில். ஒன்றுக்கானதை இன்னொன்றில் ஊற்றக் கூடாது. மூன்றும் ஒரே வாசலில் நிற்பதால் இந்த வித்தியாசங்களைக் கவனிக்க எனக்கு வாய்ப்பு கிடைத்தது.

எஞ்சின் ஆயில் விஷயத்தில் இங்கே எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். ஏ.டி.எஃப். என்று வந்தால் "சிவப்பு ஆயில்" என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் "கியர் ஆயில்" என்று மட்டும் கேட்டால் மேனுவல் வண்டிக்கும் டிஃபரன்ஷியலுக்கும் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) போடுகிற 90 நம்பர் கெட்டி ஆயிலை எடுத்து வைத்துவிடுவார்கள். ஏ.டி.எஃப். என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அந்தச் சிவப்பு வெறும் சாயம். ஒழுகினால் எஞ்சின் ஆயிலா ஏ.டி.எஃப்.-ஆ என்று கண்டுபிடிக்கச் சேர்த்தது. ஆயிலின் தன்மையைப் பற்றி அந்த நிறம் எதுவும் சொல்லாது. தன்மை என்பது என்ன? ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குள் இந்த ஆயில் பல வேலைகளைச் செய்கிறது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் எஞ்சினின் சக்தியைக் கடத்துகிறது, வால்வுகள் வழியே அழுத்தம் கொடுத்து கியரை மாற்றுகிறது, சூட்டை வெளியே கொண்டுபோகிறது, தேய்மானத்தைக் குறைக்கிறது. இவற்றை ஓரளவு நல்ல எந்த ஏ.டி.எஃப்.-உம் செய்துவிடும். தகராறு வருவது உராய்வில். உள்ளே கிளட்ச் தகடுகள் ஆயிலில் மூழ்கியபடியே வேலை செய்கின்றன. அவற்றின் மேல் காகிதம் போன்ற ஒரு பொருளை ஒட்டியிருப்பார்கள். இரண்டு தகடுகள் ஒன்றையொன்று பிடிக்கிற நேரத்தில் எவ்வளவு வழுக்க வேண்டும், எந்த நொடியில் இறுக வேண்டும் என்பதை ஆயிலில் கலந்திருக்கும் உராய்வு மாற்றிகள் தீர்மானிக்கின்றன. பெட்டியை வடிவமைத்தவர் ஒரு குறிப்பிட்ட ஆயிலை மனதில் வைத்துத்தான் தகட்டையும் அழுத்தத்தையும் கணக்குப் போட்டிருக்கிறார். நாம் டப்பாவில் வாங்குவது முக்கியமாக இந்த உராய்வுத் தன்மையைத்தான்.

பழைய கதையைக் கொஞ்சம் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் டைப் ஏ என்ற ஆயிலோடு ஆரம்பித்தது. 1967-இல் டெக்ஸ்ரான் வந்தது, 1973-இல் டெக்ஸ்ரான்-2, 1993-இல் டெக்ஸ்ரான்-3, 2005-இல் டெக்ஸ்ரான்-6. ஃபோர்டு 1967-இல் கொண்டுவந்த டைப் எஃப் இதற்கு நேர் எதிர். அதில் உராய்வு மாற்றி கிடையாது, தகடுகள் சட்டென்று கவ்விப் பிடிக்கும். 1970களின் டொயோட்டா ஆட்டோமேட்டிக்குகள் பலவும் இந்த டைப் எஃப் வகையைத்தான் கேட்டன. பிறகு அதே டொயோட்டா டெக்ஸ்ரான்-2 பக்கம் வந்துவிட்டது. ஆகவே "டொயோட்டாவுக்கு இந்த ஆயில்" என்று ஒரே வரியில் சொல்லவே முடியாது. இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும், எனக்கு அது மறக்காத செய்தி. அந்தக் கால ஏ.டி.எஃப்.-களில் உராய்வை மென்மையாக்க ஒருவகைத் திமிங்கலத்தின் எண்ணெயைச் சேர்த்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்ததும் மாற்றுப் பொருள் தேடி நிறுவனங்கள் திண்டாடின. ஆயிலில் சிறு பங்காக இருக்கும் ஒரு சேர்மானம் மாறினாலே பெட்டியின் நடத்தை மாறிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

1990களில் இன்னொரு திருப்பம். பெட்ரோல் செலவைக் குறைக்க டார்க் கன்வெர்ட்டருக்குள் எஞ்சினையும் பெட்டியையும் நேராகப் பிணைக்கும் லாக்-அப் கிளட்சை முழுக்க இறுக்காமல், லேசாக வழுக்கியபடியே பிடித்து வைக்கும் முறை வந்தது. மணிக்கணக்கில் அப்படி வழுக்கிக்கொண்டே இருக்கும்போது அதிராமல் இருக்க வேண்டும் என்றால் சாதாரண டெக்ஸ்ரான் போதாது. டொயோட்டாவின் டைப் டி-4 இந்தத் தேவைக்குப் பதில் சொல்ல வந்தது. டி-4 கேட்கும் வண்டியில் டெக்ஸ்ரான் ஊற்றினால் அன்றைக்கே பெட்டி உடைந்துவிடாது. வண்டி ஓடும். கொஞ்ச நாள் கழித்து, சமமான வேகத்தில் போகும்போது கரடுமுரடான ரோட்டில் ஓடுவதைப் போல ஓர் அதிர்வு வரும். ஓட்டுபவர் டயரைச் சந்தேகப்படுவார், எஞ்சின் மவுண்டைச் சந்தேகப்படுவார். ஆயில் மாற்றியபோது எல்லாம் நன்றாகத்தானே இருந்தது என்று நினைப்பதால் அந்தப் பக்கம் மனசு போகாது.

அதற்கும் பிறகு வந்தது டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., இன்னும் மெல்லிய ஆயில். 100 டிகிரி சூட்டில் டி-4-இன் பாகுத்தன்மை (ஆயில் எவ்வளவு கெட்டி என்ற அளவு) ஏறக்குறைய 7 சென்டிஸ்டோக், டபிள்யூ.எஸ்.-க்கு ஐந்தரையை ஒட்டி. மெல்லிய ஆயிலுக்கென்று நெருக்கமாகச் செய்த பெட்டிக்கு அது சரி. தேய்ந்துபோன பழைய பெட்டியில் அதே மெல்லிய ஆயில் இடுக்குகள் வழியே கசிந்து அழுத்தம் குறையலாம். டொயோட்டாவும் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று சொல்வதில்லை. "புதுசு வந்துவிட்டது, பழையதைவிட அதுதான் ஒசத்தி" என்று கடைக்காரர் சொல்லும்போது நான் தலையாட்டுவதில்லை. புதிய ஆயில் புதிய பெட்டிக்கு ஒசத்தி, அவ்வளவுதான்.

சரி, நம் வண்டிக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் நீளத் தகடு) உருவிப் பாருங்கள். டொயோட்டாக்களில் பலவற்றில் அந்தத் தகட்டிலேயே ஆயிலின் பெயரைப் பொறித்திருப்பார்கள். என் கொரோலாவின் டிப்ஸ்டிக்கில் டெக்ஸ்ரான்-2 என்று இருந்தது. எழுத்தின் மேல் பழுப்பு நிறப் படலம் ஏறியிருந்ததால் துணியில் கொஞ்சம் பெட்ரோல் தொட்டுத் துடைத்த பிறகுதான் படிக்க முடிந்தது. தம்பியின் ப்ரோபாக்ஸில் டி-4. இதே ப்ரோபாக்ஸ் டபிள்யூ.எஸ். பொறித்த டிப்ஸ்டிக்கோடு வந்ததையும் டாக்சி நிற்கும் இடத்தில் பார்த்திருக்கிறேன். 2014-க்குப் பிறகு வந்தவை சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாமல் பட்டையால் வேகத்தை மாற்றும் பெட்டி) வண்டிகள், அவற்றுக்கு முற்றிலும் வேறு ஆயில். பெயரும் உருவமும் ஒன்றுபோல இருப்பதால் பக்கத்து டாக்சிக்காரர் என்ன ஊற்றினார் என்று கேட்டு வாங்குவது ஆபத்து.

டிப்ஸ்டிக்கில் எழுத்து இல்லை என்றால், அல்லது யாரோ வேறு டிப்ஸ்டிக்கைச் செருகியிருக்கிறார்கள் என்று தோன்றினால், எஞ்சின் அறையில் அல்லது கதவோரம் இருக்கும் தகட்டில் மாடல் குறியீடும் சேசிஸ் எண்ணும் இருக்கும். ஜப்பானிய வண்டிக்கு அந்தக் குறியீடுதான் ஜாதகம். அதை வைத்து எந்தக் கியர்பெட்டி, எந்த ஆயில் என்று பாகப் பட்டியலில் தேடிவிடலாம். டொயோட்டாவின் சொந்த ஆயில் டப்பாவாக இருந்தால் 08886 என்று தொடங்கும் பாக எண் இருக்கும். டப்பா முழுக்க ஜப்பானிய எழுத்தாக இருந்தாலும் அந்த எண்ணைக் கொண்டு சரிபார்த்துக்கொள்ளலாம். தாய்லாந்திலிருந்து வரும் டப்பாக்களுக்கும் இதே வழி.

மச்சானின் ஃபிட் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது அந்த வண்டிதான். முதல் தலைமுறை ஃபிட்டில் இருப்பது சி.வி.டி. பெட்டி. டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. வண்டி கிளம்புவதற்கென்றே ஸ்டார்ட் கிளட்ச் என்று ஒன்று உண்டு. ஹோண்டா இதற்கு எச்.எம்.எம்.எஃப். என்று தனி ஆயில் வைத்திருந்தது. மச்சான் எஞ்சின் ஆயில் மாற்ற ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டபோது, கியர்பெட்டியில் அளவு குறைகிறது என்று சொல்லி அவர்களாகவே சிவப்பு ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டார்கள். பில்லில் "ஏ.டி.எஃப்." என்று மட்டும் இருந்தது. அடுத்த சில வாரங்களில் லெடான் சந்திப்பில் சிக்னல் விழுந்து கிளம்பும்போதெல்லாம் வண்டி முழுக்கக் குலுங்க ஆரம்பித்தது. அக்கா பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால் "என்னங்க, வண்டி இப்படி நடுங்குது" என்று கேட்கும் அளவுக்கு.

மச்சான் பெட்டியையே மாற்றிவிடலாமா என்று யோசித்தார். ஜப்பானிலிருந்து கழற்றி வந்த பழைய பெட்டி இங்கே கிடைக்கும்தான், ஆனால் அதற்குள் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நான் எனக்குத் தெரிந்த பர்மியச் சயாவிடம் கூட்டிப்போனேன் (மெக்கானிக்கை இங்கே சயா என்றுதான் கூப்பிடுவோம்). அவர் பெட்டியிலிருந்து சொட்டை விரலில் எடுத்துப் பார்த்தார், வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடைசியாக இதில் என்ன ஊற்றினீர்கள், டப்பா இருக்கிறதா?"

டப்பா இல்லை. பில்லைக் காட்டினோம். அவர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. எச்.எம்.எம்.எஃப். வாங்கி வரச் சொன்னார். வடித்தார், ஊற்றினார், சில நாள் ஓட்டிவிட்டு வரச் சொன்னார், மறுபடி வடித்தார். ஒரு தடவையில் மூன்று லிட்டர் சொச்சம்தான் வெளியே வரும். மீதி உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் திரும்பத் திரும்ப. கடைசியில் ஸ்டார்ட் கிளட்சைக் கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ளும்படி செய்தார். அந்த வண்டிக்கு அது ஒரு குறிப்பிட்ட முறை, அதைச் செய்யாவிட்டால் ஆயில் மாற்றியதன் பலன் பாதிதான். குலுக்கல் பெருமளவு போய்விட்டது. முழுக்கப் போகவில்லை. காலையில் முதல் தடவை ரிவர்ஸ் எடுக்கும்போது இன்னும் லேசாகத் தெரிகிறது. ஏற்கெனவே தகட்டில் ஏறிய தழும்பை ஆயில் அழிக்காது என்றார் சயா. அவர் சொன்னது சரியென்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நாங்கள் மூன்று வீட்டாரும் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். எந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டாலும் கியர்பெட்டி ஆயிலை எங்களைக் கேட்காமல் தொடக் கூடாது என்று சொல்லிவிடுவோம். ஆயிலை நாங்களே வாங்கிக்கொண்டு போவோம். காலி டப்பாவைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவருவோம்.

ஃபிட்டில் இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். ஹோண்டாவில் ஆயில் அளவு பார்ப்பதே வேறு மாதிரி. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஒன்று, ஒன்றரை நிமிஷத்துக்குள் பார்க்க வேண்டும். டொயோட்டாவில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு எல்லாக் கியருக்கும் ஒருமுறை போய்வந்து, பார்க்கிங்கில் வைத்து, சூட்டுக் கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் ஆயில் கீழே இறங்கி அளவு கூடுதலாகத் தெரியும். அதை நம்பினால் பெட்டி பட்டினியில் ஓடும். ஹோண்டாவைப் பார்க்கிற முறையில் டொயோட்டாவைப் பார்த்து, டொயோட்டாவைப் பார்க்கிற முறையில் ஹோண்டாவுக்கு ஊற்றி, இரண்டையும் கெடுக்கிற வேலை ஒரே தெருவில் நடக்கிறது. அதிகமாக ஊற்றுவதும் கேடு. சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரையில் அழுத்தம் நிற்காது.

"எல்லா வண்டிக்கும்" என்று எழுதிய டப்பாக்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். என் கருத்து இது. நல்ல நிறுவனத்தின் பலவண்டி ஆயில் மோசமானது என்று சொல்லமாட்டேன். ஆனால் டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். "அங்கீகாரம் பெற்றது" என்பதும் "இந்த வண்டிகளில் பயன்படுத்தலாம்" என்பதும் வேறு வேறு வாக்கு. இரண்டாவது, ஆயில் நிறுவனம் தானே கொடுக்கும் வாக்கு. முதலாவது, கார் நிறுவனம் சோதித்துக் கொடுத்தது. ஒரே டப்பாவில் டெக்ஸ்ரான்-3, டி-4, டபிள்யூ.எஸ்., மிட்சுபிஷியின் எஸ்.பி-3, நிசானின் மேட்டிக்-டி, அதோடு சி.வி.டி.-க்கும் ஆகும் என்று எழுதியிருந்தால் நான் அங்கேயே வைத்துவிடுவேன். உலோகப் பட்டை அல்லது சங்கிலி வழுக்காமல் இழுக்க வேண்டிய சி.வி.டி.-க்கும், காகிதத் தகடு மென்மையாகப் பிடிக்க வேண்டிய சாதாரணப் பெட்டிக்கும் ஒரே ஆயில் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

டெக்ஸ்ரான்-3 விஷயத்தில் இன்னொரு நுணுக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் அதற்கு உரிமம் கொடுப்பதை 2006 கடைசியோடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் டெக்ஸ்ரான்-3 என்று கிடைப்பது எதையும் அவர்கள் சோதிப்பதில்லை. தயாரிப்பவரின் நேர்மைதான் உத்தரவாதம். என் கொரோலா போன்ற வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். டெக்ஸ்ரான்-2 கேட்கும் பெட்டிக்கு டெக்ஸ்ரான்-3 போகும், டொயோட்டாவே தன் கையேடுகளில் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே டெக்ஸ்ரான்-3 வாங்கும்போது விலை குறைந்ததை எடுக்காமல், பெயருள்ள எண்ணெய் நிறுவனத்தின் சீல் உடையாத டப்பாவை, தெரிந்த கடையில் வாங்குகிறேன். டிரம்மிலிருந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் ஆயிலை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

டவுனில் நான் வழக்கமாக வாங்கும் கடை அண்ணன் ஒரு தடவை டெக்ஸ்ரான்-6-ஐ நீட்டினார்.

"இதுவும் அதே குடும்பம்தான் தம்பி. பழையதுக்கெல்லாம் போடலாம்னு அவங்களே சொல்றாங்க."

"அவங்க சொல்றது அவங்க பெட்டிக்கு அண்ணே. என்னோடது டொயோட்டா, முப்பது வருஷத்துக்குக் கிட்ட ஆன பெட்டி."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. டெக்ஸ்ரான்-6 புதிதாக இருக்கும்போது மெல்லியது, ஆனால் ஓட ஓடத் தன் பாகுத்தன்மையை இழக்காமல் நிற்கும். பழைய டெக்ஸ்ரான்-3 ஓடும்போது நைந்து மெலிந்துவிடும். இருந்தாலும் சீல் இறுகிப்போய், உள்ளே தேய்மானம் இருக்கும் பெட்டியில், ஏப்ரல் மாத ரங்கூன் சூட்டில், மெல்லிய ஆயிலோடு நான் சோதனை செய்யத் தயாரில்லை. டெக்ஸ்ரான்-3 கிடைக்கிற வரை அதுவே போதும்.

சூட்டைப் பற்றி நிச்சயம் சொல்ல வேண்டும். ஏ.டி.எஃப். 80, 90 டிகிரியில் சுகமாக இருக்கும். 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெட ஆரம்பிக்கும். ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தைய வெயிலில், லெடானில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும் டாக்சியின் பெட்டி படும் பாடு, பெகு ரோட்டில் சீராக நூறு கிலோமீட்டர் போவதைவிட அதிகம். தம்பியின் ப்ரோபாக்ஸுக்கு 30,000 கி.மீ.-க்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறேன். "ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்று சொல்லும் பேச்சு நம் ஊருக்குப் பொருந்தாது. ரேடியேட்டருக்குள்ளேயே ஏ.டி.எஃப்.-ஐக் குளிர்விக்கும் பகுதி இருக்கிறது. ரேடியேட்டர் முகப்பில் சேறும் பூச்சியும் அடைத்திருந்தால் எஞ்சினோடு கியர்பெட்டியும் வேகும். அந்தக் குளிர்விப்பான் உள்ளே ஓட்டையானால் கூலன்ட் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ரோஜா நிறப் பால் போலத் தெரியும். மழைக்காலத்தில் டவுன் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் ஓட்டியவர்களுக்கும் இது வரலாம், பெட்டியின் மூச்சுக்குழாய் வழியே தண்ணீர் இறங்கிவிடும். அப்படித் தெரிந்தால் வண்டியை ஓட்ட வேண்டாம், இழுத்துக்கொண்டு போங்கள். தண்ணீர் பட்டால் தகட்டில் ஒட்டியிருக்கும் காகிதம் கழன்றுவிடும்.

மாற்றும்போது நான் பழைய ஆயிலை முழுக்கத் தள்ளி வெளியேற்றும் பிளஷ் மெஷின் பக்கம் போவதில்லை, வடித்து ஊற்றும் முறைதான். டார்க் கன்வெர்ட்டரில் இருப்பது வடியாது. உதாரணமாக மொத்தம் ஏழரை லிட்டர் பிடிக்கும் பெட்டியில் ஒரு தடவைக்கு மூன்று லிட்டர் வடிகிறது என்றால், முதல் தடவையில் 40 சதவீதம் புதிதாகும், இரண்டாவதில் 64, மூன்றாவதில் 78. இடையில் ஓட்டிக் கலக்கவிட வேண்டும். எவ்வளவு வடிந்ததோ அளந்து அவ்வளவே ஊற்றுங்கள், பிறகு சூடாக்கி டிப்ஸ்டிக்கில் சரிபாருங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் ஆயில் தட்டை (பேன் என்பார்கள்) கழற்றினால் உள்ளே காந்தங்கள் இருக்கும். மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. கையில் குத்தும் சில்லுகள் இருந்தால் ஆயிலால் தீரும் பிரச்சினை அல்ல. பேன் போல்ட்டுகளை வெறியோடு முறுக்காதீர்கள், அவை மிகக் குறைந்த இறுக்கத்துக்கே செய்தவை. தகடு வளைந்தால் ஒழுகல் நிற்காது.

டிப்ஸ்டிக்கே இல்லாத பெட்டிகளில் அளவு பார்ப்பது வேறு கதை. ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது கீழே உள்ள திருகைத் திறந்து வழிவதைப் பார்க்க வேண்டும். பல டொயோட்டாக்களில் அந்தச் சூடு 40 டிகிரியை ஒட்டியது. சித்திரையில் மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியில் எஞ்சின் போட்ட சில நிமிஷத்தில் ஆயில் அதைத் தாண்டிவிடும். விடிகாலையில், சூட்டைக் காட்டும் கருவி வைத்திருக்கும் இடத்தில் செய்யச் சொல்லுங்கள்.

மூன்று கியர் ஆட்டோமேட்டிக் கொரோலா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அதில் டிஃபரன்ஷியலுக்குத் தனி அறை, தனித் திருகு. பெட்டியின் பேனை மட்டும் வடித்தால் அந்த அறையில் பழைய ஆயில் அப்படியே இருக்கும். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், அதே டெக்ஸ்ரான்தான். நிரப்பும் துளையின் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். என் வண்டியில் அங்கிருந்து வந்தது கறுப்பாக இருந்தது, அதைப் பல வருஷமாக யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். இதே வண்டிகளில் ஆக்சிலரேட்டரோடு சேர்ந்து ஒரு திராட்டில் கேபிள் கியர்பெட்டிக்குப் போகும். கியர் தாமதமாக விழுகிறது, முரட்டுத்தனமாக விழுகிறது என்றால் முதலில் அந்தக் கேபிளைப் பாருங்கள். திராட்டில் முழுக்கத் திறந்திருக்கும்போது கேபிள் ரப்பரின் முனைக்கும் அதன் மேல் உள்ள ஸ்டாப்பருக்கும் இடையே 0 முதல் 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இது தளர்ந்துபோன வண்டிக்கு விதவிதமான ஆயிலை மாற்றிக்கொண்டே இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

வரலாறு தெரியாத வண்டியில் ஆயில் மாற்றலாமா, மாற்றினால் வழுக்க ஆரம்பித்துவிடுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பயத்தில் காரணம் இல்லாமலில்லை. தகடு ஏற்கெனவே தேய்ந்திருந்தால், பழைய ஆயிலில் மிதக்கும் துகள்கள் கொஞ்சம் பிடிப்பு கொடுத்துக்கொண்டிருக்கலாம். புதிய ஆயில் அதை எடுத்துவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆயில் சூடான பிறகு, ஏ.சி.-யை அணைத்து, கை பிரேக் போட்டு, ஐடிலில் நியூட்ரலிலிருந்து டி-க்கு நகர்த்துங்கள். வண்டி பிடிக்கும் உதைப்பு வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிடுங்கள். டொயோட்டா சொல்லும் அளவு 1.2 வினாடிக்குள். ரிவர்ஸுக்கு 1.5 வினாடிக்குள். ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். அதற்குள் பிடிக்கிறது, ஆயில் பழுப்பாக இருந்தாலும் கருகல் வாடை இல்லை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ஒரே நாளில் முழுக்க மாற்றாமல் ஒவ்வொரு தடவையாக வடித்து ஊற்றுங்கள். இரண்டு, மூன்று வினாடி தாமதம், கூடவே கருகல் வாடை என்றால் ஆயில் வாங்கும் பணத்தைப் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வைத்துக்கொள்வது நல்லது. ஒழுகலை நிறுத்தும் மருந்து என்று விற்கும் சின்னப் பாட்டில்கள் சீலைக் கொஞ்ச நாள் ஊதச் செய்யும். அந்த நாள் முடிந்ததும் ஒழுகல் திரும்ப வரும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மழைக்கு அது நேராக ஆற்றுக்குப் போய்விடும். ஒர்க்‌ஷாப்புகளில் கழிவு ஆயிலை டிரம்மில் சேர்த்து விற்கிறார்கள், அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். டெக்ஸ்ரான் மிஞ்சினால் டப்பாவை இறுக மூடி வைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து டொயோட்டாக்களில் பவர் ஸ்டியரிங்குக்கும் பெரும்பாலும் அதுதான், அதன் மூடியிலேயே எழுதியிருக்கும். தம்பி தன் ப்ரோபாக்ஸின் பானட்டுக்கு உள்பக்கம் "டி-4 மட்டும்" என்று பர்மிய மொழியில் பெயின்ட்டால் எழுதி, கடைசியாக மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறான். மச்சான் வண்டியிலும் அதே மாதிரி செய்துவிட்டோம்.